தானே ஓட்டிப் பார்த்தவர்

பதினொரு வருஷம் அந்த மனிதரிடம் கிளாக்கராக இருந்தேன். இன்றைக்கும் யாராவது வந்து "வெளியே மழை" என்றால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைந்து பார்த்துவிட்டுத்தான் குடையை எடுக்கிறேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் என்ன செய்ய? அவர் ஒட்டவைத்துவிட்டுப் போன வியாதி அது.

அவர் புரொக்டர், கோர்ட்டில் வழக்குப் பேசுகிறவர். இலங்கை மலைநாட்டில் அட்டன் கோர்ட்டுக்குக் கிட்ட, ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கந்தோர், அதாவது ஆபீஸ். ஏறுகிற மரப்படி ஆடும். லொறி டிரைவர், பஸ் டிரைவர், வாடகைக் கார் ஓட்டுகிறவன், துரைமாருக்குக் கார் ஓட்டுகிறவன் என்று மஸ்கெலியாவிலிருந்து தலவாக்கலை வரைக்கும் எவன் மேல் கேஸ் விழுந்தாலும் அந்தப் படியில்தான் ஏறுவான். காணி வழக்கு, கல்யாண வழக்கு எதையும் அவர் தொடமாட்டார். கவனயீனமாக ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, இந்த இரண்டிலும்தான் அவருடைய உயிர் இருந்தது.

"ஏங்க ஐயா, ஊர்ல வேற கேஸே இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"தோட்டத்துல லைசன் வச்சிருக்கிறவன் ஒருத்தன்தாம்ப்பா தொரையப் பாத்து நிமிந்து நிக்கிறான். அதையும் புடுங்க விட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்றார்.

அவரே ஒரு பெரிய கங்காணியின் மகன். கோர்ட்டில் ஏறினால் துரைமாருக்கே தங்கள் பாஷை மேல் சந்தேகம் வருகிற மாதிரி இங்கிலீஷ் பேசுவார்; இறங்கினால் லயத்துப் பேச்சு. லைசன் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வரிசையில் தோட்டம் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவும் போகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் சரி. நல்ல மனிதர்தான். ஆனால் அந்த மனிதரோடு ஒரு நாள் வேலை செய்து பார்த்தால்தான் தெரியும் என் பாடு.

யார் சொன்னதையும் அவர் நம்பமாட்டார். கட்சிக்காரன் சொன்னாலும் சரி, பொலிஸ் சொன்னாலும் சரி, டொக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் சரி. தானே செய்து பார்க்க வேண்டும். "வாய்ச்சொல்லுக்கு ரோதை கிடையாதுப்பா, ரோட்டுல ஓடாது" என்பார். ரோதை என்றால் சக்கரம். வாரத்துக்கு நாலு தடவை இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போய்விட்டது. வீட்டிலும் இதே கூத்துத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர் வீட்டு அம்மா சொன்னால், தெர்மாமீட்டரை முதலில் தன் வாயில் வைத்து அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார். அதற்குள் பிள்ளை அழுது ஊரைக் கூட்டிவிடும்.

என்னை மாடாக்கியதைச் சொல்லவா? தலவாக்கலைப் பக்கம் ஒரு கார் டிரைவர் பனிமூட்டத்தில் ஒரு பால் மாட்டை இடித்துவிட்டான். கண்ணுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று டிரைவர் சொல்கிறான். ஐம்பது கஜ தூரம் தெரிந்தது என்று பொலிஸ் சொல்கிறது. இவருக்கு இரண்டு பேர் மேலும் நம்பிக்கையில்லை. விடியற்காலை பனியில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் நிறுத்தினார். நின்றால் போதாதாம். மாட்டின் உயரத்துக்குக் குனிய வேண்டுமாம்.

குனிந்தேன். அவர் காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துப் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது.

"ஏ புள்ள, கிளாக்கரய்யா என்னமோ தொலைச்சிப்புட்டாரு. பாத்து எடுத்துக் குடுங்கடி" என்றாள் ஒருத்தி. ஏழெட்டுப் பெண்கள் என்னோடு சேர்ந்து குனிந்து ரோட்டில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். என்ன தொலைந்தது என்று கேட்கிறார்கள். என் மானம்தான் என்று சொல்ல முடியுமா?

கடைசியில் அந்த வழக்கில் வென்றோம். வழக்கமான ஏற்பாடு அதுதான்: பரீட்சையில் நிற்கிறவன் நான், பிறகு கோர்ட்டில் சாட்சி சொல்கிறவனும் நான், கேள்வி கேட்பவர் அவர். "நான் மாடாக நின்றேன்" என்று சத்தியம் பண்ணிச் சொன்ன கிளாக்கர் இந்தத் தீவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இன்னொரு தடவை ஒரு பஸ் டிரைவர். ஆஸ்பத்திரி விறாந்தையில் கோடு கிழித்து நடக்கச் சொன்னார்களாம். அவன் கோணலாக நடந்தான், ஆகவே குடிவெறி என்று டொக்டர் எழுதிவிட்டார். இவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த விறாந்தையில் நடந்தார். என்னை நடக்கவிட்டார். மருந்து கலக்கும் ஆளை நடக்கவிட்டார். கடைசியில் டொக்டரையே, "ஒரு தரம் சும்மா நடந்து காட்டுங்க டொக்டர்" என்று கெஞ்சிக் கூத்தாடி நடக்கவைத்தார். எல்லாருமே வலப்பக்கம் சரிந்துதான் போனோம். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். டொக்டர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், கோர்ட்டிலும் அதை ஒப்புக்கொண்டார்.

இத்தனைக்கும் நம் ஐயாவுக்குக் குடி என்றால் வாடையே ஆகாது. கோவில் திருவிழாவில் வருஷா வருஷம் மதுவிலக்குப் பேச்சு அவருடையதுதான். கந்தோருக்கு வருகிற டிரைவர்மார்களுக்கும் முதலில் அரைமணி நேரம் அர்ச்சனை நடக்கும். அவன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்பான்கள். பிறகுதான் கேஸ் பேப்பரைக் கையில் வாங்குவார்.

காத்தமுத்து வந்தது ஐம்பதுகளின் நடுவில். மஸ்கெலியா ரோட்டில் ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினான். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். மூன்று பிள்ளைகள். அவன் பெண்சாதி அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள்.

அந்த ரோட்டில் ஒரு கொண்டை ஊசி முடக்கு. முடக்கின் மேல்பக்கத்தில் ஒரு கல்லுக்குக் குங்குமம் பூசி முனியாண்டி என்று வைத்திருந்தார்கள். வழிகாவல் முனி. எந்த டிரைவரும் ஹார்ன் அடித்துக் கும்பிடாமல் அதைத் தாண்டமாட்டான். புது வண்டி வந்தால், புது டயர் போட்டால், அங்கே நிறுத்திக் கால் போத்தல் சாராயம் வைத்துப் படைப்பார்கள். பாதியை முனிக்கு ஊற்ற வேண்டும். மிச்சப் பாதியைப் படைத்தவனே குடிக்க வேண்டும். கீழே கொட்டக்கூடாது, இன்னொருத்தனுக்குக் கொடுக்கக்கூடாது. கொட்டினால் முனிக்குக் கோபம் வரும்.

காத்தமுத்துவின் லொறிக்கு அன்றைக்குப் புது டயர். படைத்தான், குடித்தான், ஏறி ஓட்டினான். அடுத்த நிமிஷமே முடக்கில் பின் ரோதை வழுக்கி, லொறி மதகுச் சுவரை உடைத்துக்கொண்டு தேயிலைக்குள் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. கொழுந்து மூட்டையெல்லாம் பள்ளத்தில். பொலிஸ் வந்தது, மோந்து பார்த்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பேச்சும் நடையும் சரி, ஆனால் சாராய வாடை இருக்கிறது என்று டொக்டர் எழுதினார். குடித்துவிட்டு ஓட்டியது ஒன்று, கவனயீனமாக ஓட்டியது ஒன்று, ஆக இரண்டு குற்றம்.

"எவ்வளவுடா குடிச்ச?" என்றார் ஐயா.

"ரெண்டு டிராம் இருக்குங்கய்யா, கால் போத்தல்ல பாதி. முனிக்குப் படைச்சது."

எனக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. "முனிக்கு ஊத்தும்போது சட்டையில பட்டுருச்சுன்னு சொல்லு. குடிக்கலன்னு சொல்லு. முடிஞ்சிச்சு" என்றேன்.

காத்தமுத்து என்னை ஒரு பாவியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "முனிக்குப் படைச்சத வாங்கிக் குடிச்சிப்புட்டு, குடிக்கலன்னு சொல்றதுங்களா? அது நம்மள சும்மா விடுமா கிளாக்கரய்யா? ரோட்டுலயே அடிச்சுப் போட்டுரும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஐயா ஒரு வழி சொன்னார்: இவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதே இல்லை. சட்டையில் சாராயம் பட்டிருந்தது உண்மை, வாடை அதிலிருந்து வந்திருக்கலாம். அவன் குடித்தான் என்று பொலிஸ் நிரூபிக்கட்டும். நாம் ரோட்டைப் பற்றி மட்டும் பேசுவோம். ஏனென்றால் அந்த முடக்கில் புதிதாகத் தார் போட்டபோது வெளி ஓரம் தாழ்ந்துபோயிருந்தது. போய் அளந்தோம். நாலு அங்குலம் பள்ளம். எந்த வண்டியானாலும் வெளியேதான் இழுக்கும்.

நாலு அங்குலம் என்று தெரிந்தால் போதாதா? மற்ற மனிதர்களுக்குப் போதும். இவருக்குப் போதாது.

ஒரு நாள் பின்னேரம், தூறல் விழுகிற நேரமாகப் பார்த்து, தன் காரில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். "நீ ஓட்டு. நான் ஓரத்துல நின்னு ரோதையப் பாத்துக்கிறேன். கோர்ட்டுல நீ சாட்சி" என்றார்.

எனக்கு லைசன் எடுத்துக் கொடுத்ததே அவர்தான். முடக்கின் ஓரத்தில் போய் எட்டிப் பார்த்தேன். கீழே தேயிலை, அதற்கும் கீழே ஆறு போகிற சத்தம். இரண்டடி பின்னால் வந்தேன்.

"ஐயா, மாடா நில்லுன்னீங்க, நின்னேன். இது என்னால ஆகாதுங்க. எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு."

அவர் கோபப்படவில்லை. "சரிப்பா, பயமா இருந்தா ஓட்டக்கூடாது. நானே ஓட்டுறேன்" என்றவர், கோட்டுப் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். கால் போத்தல் சாராயம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது எதுக்குங்க?"

"அவன் எப்படி வந்தானோ அப்படியே வந்தாத்தானப்பா பரீட்சை."

"ஐயா, வழுக்குறது ரோடு. அதுக்கும் ஒங்க வயித்துக்கும் என்னங்க சம்மந்தம்? சும்மா ஓட்டுங்க. அப்பவும் வழுக்கத்தான் போவுது!"

"சும்மா ஓட்டினா ரோடு வழுக்குதுன்னுதான் தெரியும். இவன் ரோட்டால விழுந்தானா, குடிச்சதால விழுந்தானா? குடிச்ச கண்ணுக்கு ஓரம் தெரியுதா இல்லையா? அது தெரியாம அவனுக்காக நான் எப்படிப்பா எந்திரிச்சு நிக்கிறது?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்ல? அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு, முறைப்படி பாதியை முனிக்கு ஊற்றிக் கும்பிட்டார். மிச்சத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி குடித்தார். இருமினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இந்தக் கருமத்தையா குடிக்கிறானுங்க?" என்று திட்டினார். பிறகு சிவப்புத் துணி ஒன்றை என்னிடம் கொடுத்து, மேல் முடக்கில் போய் நின்று, வருகிற வண்டியை மறிக்கச் சொன்னார்.

மேல் முடக்கிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. கார் வருகிற சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் வந்தது. பிறகு கல்லில் இரும்பு இழுபடுகிற சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். கார் தேயிலைக்குள் குறுக்கே கிடந்தது. அதற்குள் இந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்!

"பன்னெண்டு மைல், கிளாக்கர்! பன்னெண்டே மைல் வேகம்! ஓரம் நல்லாத் தெரிஞ்சிச்சுப்பா, ரோதைதான் நிக்கல. அவன் மேல தப்பே இல்ல!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்போதே, கீழேயிருந்து ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "மொகத மே, புரொக்டர் மாத்தயா?" என்ன ஐயா இது என்று சிங்களத்தில் பதறியவன், கிட்டே வந்ததும் மூக்கை உறிஞ்சினான். ஒரு தரம் என்னைப் பார்த்தான். மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை, கேஸும் எழுதவில்லை. ஆனால் புத்தகத்தை எடுத்து நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டான்.

காருக்கு அச்சு உடைந்துவிட்டது. வேறொரு வண்டியில் இன்னொரு தரம், குடிக்காமல், வேறு ஆளை வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, யாரோ வந்து அந்த ஓரத்துக்குக் கல்லும் தாரும் போட்டு உயர்த்திவிட்டார்கள். ஆக அந்த முடக்கு பன்னிரண்டு மைலில் வழுக்கும் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி இவர்தான். சாட்சியாகப் போகிறவர் அதே கேஸில் புரொக்டராக நிற்க முடியாது. இரண்டில் ஒன்றுதான். கேஸை ஒரு சின்ன வயசுப் புரொக்டரிடம் கொடுத்துவிட்டு இவர் சாட்சியானார். நான் ஓட்டமாட்டேன் என்றதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தாலும் என்னிடம் பதில் இருந்தது. மூன்று பிள்ளைகள்.

வழக்கு நாளன்று காலையில் படி இறங்கும்போது, "குடிச்சீங்களான்னு கேட்டா இல்லன்னு சொல்லிருங்க. கான்ஸ்டபிள் மோந்தது முனிக்கு ஊத்தின வாடை" என்றேன்.

"நான் முழுங்கினேனேப்பா" என்றார்.

கோர்ட்டில் கூட்டம். புரொக்டரே கூண்டில் ஏறுகிறார் என்று டிரைவர்மார்கள் வந்திருந்தார்கள், கோவில் கமிட்டி ஆட்கள் வந்திருந்தார்கள். காத்தமுத்துவின் பெண்சாதி கைப்பிள்ளையோடு வாசல் கதவோரம் நின்றாள். ரோட்டைப் பற்றி ஐயா சொன்னதெல்லாம் அருமை. எத்தனை அங்குலம், எத்தனை மைல், எந்த ரோதை முதலில் போனது, எல்லாம். நீதவான் தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு பொலிஸ் தரப்பில் வழக்குப் பேசுகிற இன்ஸ்பெக்டர் எழுந்தார். கையில் கான்ஸ்டபிளின் புத்தகம்.

"அன்றைக்கு ஓட்டுவதற்கு முன் மது அருந்தினீர்களா?"

பின்வரிசையில் சிரிப்பு. நீதவானும் புன்னகைத்தார். இந்த மனிதரிடம் போய் இப்படி ஒரு கேள்வியா என்று.

"ஆம்" என்றார் ஐயா.

சிரிப்பு நின்றுவிட்டது.

"எவ்வளவு?"

"இரண்டு டிராம்."

"ஏன்?"

  ஏன் என்பதைச் சொன்னால் காத்தமுத்து குடித்தது வெளியே வந்துவிடும். கட்சிக்காரன் நம்பிச் சொன்னதைப் புரொக்டர் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அவர் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குளிராக இருந்தது" என்றார்.

பதினொரு வருஷத்தில் அவர் வாயால் நான் கேட்ட முதல் பொய் அதுதான். இன்ஸ்பெக்டர் விடுவாரா? குளிருக்குக் குடித்துவிட்டுக் கார் ஓட்டுவது வழக்கமா என்று கேட்டார். எப்போதாவது உண்டு என்றார் இவர். கோவில் கமிட்டி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு எழுந்துபோய் அத்தனை பேர் கண்ணையும் பொத்தவேண்டும் போலிருந்தது.

இதெல்லாம் இங்கிலீஷில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் அப்போதுதான் குற்றவாளிக் கூண்டின் பக்கம் திரும்பி, "குளிருக்காக இரண்டு டிராம் குடித்ததாகவும், அது எப்போதாவது வழக்கமென்றும் சாட்சி சொல்கிறார்" என்று தமிழில் சொன்னார்.

காத்தமுத்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "இல்லீங்க சாமி! குளிருக்கு இல்லீங்க! ஐயா குடிக்கிறவரே இல்லீங்க. நான் முனிக்குப் படைச்சிட்டு ரெண்டு டிராம் குடிச்சேன்னு சொன்னேன், அதனாலதான் அவரும் படைச்சுக் குடிச்சாருங்க!"

"வாயை மூடுடா!" என்று ஐயா சாட்சிக் கூண்டிலிருந்து கத்தினார்.

என்ன சொல்கிறான் என்று நீதவான் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அந்தப் புண்ணியவான் ஒரு சொல் விடாமல் அத்தனையையும் இங்கிலீஷில் சொன்னார். சின்னப் புரொக்டர் எழுந்து என்னவோ தடுத்துப் பார்த்தார். நீதவான் காத்தமுத்துவை மறுபடி கேட்டார். அவன் மறுபடியும் அதையே சொன்னான், இந்தத் தடவை கும்பிட்டுக்கொண்டு.

கவனயீனத்துக்குக் குற்றமில்லை, ரோட்டின் பிழை என்று தீர்ப்பு. குடித்துவிட்டு ஓட்டியதற்குக் குற்றம். லைசன் ஒரு வருஷத்துக்கு இல்லை.

வெளியே வந்ததும் ஐயா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அவர் ஒரு கட்சிக்காரனைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "மடப்பயலே! ரெண்டுலயும் ஜெயிச்சிருப்போமேடா! ஒன் காம்பரா போகப்போவுதேடா! ஒன்ன யாருடா பேசச் சொன்னது?"

காத்தமுத்து அழவில்லை. "முனிக்குப் படைச்சத எடுத்துக் குடிச்சிட்டு, குளிருக்குக் குடிச்சேன்னு சத்தியம் பண்ணிட்டீங்களே ஐயா. நீங்க டெய்லி அந்த ரோட்டுலதான போறீங்க? அது விடுமா ஒங்கள? ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சின்னா, அப்புறம் நம்ம டிரைவர்மாருக்கு யாருங்க இருக்கா?"

ஐயா சட்டையை விட்டுவிட்டார். கோர்ட் படியிலேயே உட்கார்ந்தார். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் பிடித்து ஒரே சுவரில் மோத வேண்டும் போலிருந்தது. ஒருத்தர் பொய் சொல்ல வேண்டிய இடத்தில் உண்மை பேசி, உண்மை பேச வேண்டிய இடத்தில் பொய் பேசினார். இன்னொருத்தன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும். இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு யார்தான் கேஸ் நடத்துவது?

துரை அவனை வேலையிலிருந்து நிறுத்திப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார். லைசன் இல்லாத டிரைவரை வைத்து என்ன செய்ய என்று கேட்டாராம். புருஷனுக்குச் சீட்டு என்றால் பெண்சாதிக்கும் சீட்டு, காம்பராவைக் காலி பண்ண வேண்டும், அதுதான் அந்தக் காலத்து நடைமுறை. ஐயா தோட்டத்து ஒபீசுக்கு மூன்று தடவை நடந்தார். துரை உட்காரச் சொல்லவில்லை. ஐயா நின்றுகொண்டே வேலையையும் காம்பராவையும் கேட்டார். கிடைக்கவில்லை.

அவர்கள் புறப்பட்ட நாளில் நாங்களும் ரோட்டுச் சந்திக்குப் போனோம். ராகலைப் பக்கம் காத்தமுத்து பெண்சாதியின் அண்ணன் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தானாம், அங்கே போகிறார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு சாக்கு, ஒரு அம்மி. மூத்த பிள்ளை அம்மியின் மேல் உட்கார்ந்திருந்தது. தூறிக்கொண்டிருந்தது. காத்தமுத்து ஐயாவைக் கண்டதும் கும்பிட்டான். அவள் கும்பிடவில்லை.

ஐயா அவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஒரு வருஷந்தானே, திரும்ப லைசன் வந்ததும் நான் பார்த்து... என்று ஆரம்பித்தார்.

"ஐயா" என்றாள் அவள். "நீங்க இவருக்காகப் பொய் சொன்னீங்க. இவரு ஒங்களுக்காக நெசத்தச் சொன்னாரு. ரெண்டு பேரும் நல்லவங்கதாங்க, நான் இல்லேங்கல. எம் புள்ளைங்கதாங்க ரோட்டுல நிக்குது."

அந்த மனிதர் எத்தனையோ இன்ஸ்பெக்டர்களையும் டொக்டர்களையும் கேள்வியால் மடக்கியவர்.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் துடைத்து என்ன பிரயோசனம்?

பஸ் வந்தது. பெட்டியின் ஒரு பக்கத்தைக் காத்தமுத்து பிடித்தான், மறுபக்கத்தை நான் பிடித்தேன். அன்றைக்கு அந்த ஸ்டியரிங்கை நான் பிடித்திருந்தால், கூண்டில் ஏறியிருப்பவன் நான். குடித்தாயா என்று எந்த இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தாலும் கூசாமல் இல்லை என்றிருப்பேன். இந்தப் பெட்டி லயத்தை விட்டு இறங்கியிருக்காது. ரெண்டு பேர் என்று அவள் சொன்னாள். மூன்றாவது ஆள் நான், அவளுக்கு ஒரு முழத் தூரத்தில், அவளுடைய பெட்டியைத் தூக்கி பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன்.